திண்டுக்கல்லே தோத்துச்சு!

மே 25

இந்த டைரிக்குப் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு இருக்கிறது. ஹேர்பின்னால் தட்டினாலே திறந்துகொள்ளும். இருந்தாலும் பூட்டு பூட்டுதான், மரியாதை கொடுக்க வேண்டும். சாவி என் பென்சில் பாக்ஸில் என்று எழுதிவிட்டால் அப்புறம் அது எதற்குப் பூட்டு? சாவி எங்கோ இருக்கிறது. போதும்.

என் பெயர் எழினி. பதினொன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறேன். வீட்டில் எல்லோருக்கும் அவசரம் என்பதால் பெயரை முழுசாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. எலி என்று சுருக்கிவிட்டார்கள். இதில் என் அண்ணன் பரிதிக்குத் தனிப் பெருமை. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. கம்ப்யூட்டரைக் கீபோர்டாலும் காதாலும் ஓட்டுகிறவன். யாராவது மவுஸ் எங்கே என்று கேட்டால், "அது வேண்டாங்க, வீட்டுல ஏற்கனவே ஒண்ணு இருக்குது. அது பண்ற சேட்டையே தாங்கல" என்பான்.

இன்றைய தலைப்புச் செய்தி: பரிதிக்குச் சென்னையில் கணிதம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஜூன் 15 ரயில். அப்பா தெருவுக்கே ஜிலேபி வாங்கினார். அம்மா மட்டும் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டே நிபந்தனை போட்டாள்.

"தனியாப் படிச்சுக்குவேன்னு வாயில சொன்னாப் பத்தாது கண்ணு. போன வருசம் மாமா குடுத்த லேப்டாப்பு பரீட்சை அன்னிக்கே வாயடைச்சுப் போச்சே, மறந்துட்டயா? உன்னால நம்பிப் படிக்கற மாதிரி ஒரு மிஷினு கைக்கு வந்தா ஹாஸ்டலுக்குப் போ. இல்லாட்டி இங்கயே கோயமுத்தூர்ல ஒரு காலேஜு. எலி படிச்சுக் காட்டுவா."

"நான் ரெடி" என்றேன். உதவும் மனப்பான்மைதான். வேறு ஒன்றுமில்லை.

மாமா லேப்டாப் கதை இதுதான். அதிலிருந்த மென்பொருள் பூட்டிய பெட்டி. என்ன எழுதியிருக்கிறது என்று நாம் படிக்க முடியாது, மாற்ற முடியாது. ஒருநாள் தானாகவே ஏதோ அப்டேட் வந்து, தமிழ் படித்துக்காட்டும் குரலைத் தின்றுவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால், "அடுத்த வெர்ஷன்ல வரலாம் சார்." பரீட்சை அடுத்த வெர்ஷன் வரை காத்திருக்குமா? முக்கோணவியல் முழுவதையும் நான்தான் கத்திப் படித்தேன். தொண்டை வீங்கி இரண்டு நாள் சைகையில் சண்டை போட்டேன்.

அதற்கப்புறம்தான் பரிதி கட்டற்ற மென்பொருள் பக்கம் போனான். அதை யாரும் திறந்து படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். வீட்டிலிருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் அவனே திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் ஒரு வாசிப்பானைச் சரிசெய்து வைத்திருக்கிறான். அது பேசுவது என் குரலில், மணிக்கணக்காக என்னைப் படிக்கவைத்துப் பழக்கியிருக்கிறான். பழுதானால் அவனே சரிசெய்துகொள்வான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் எருமைக்கன்று கனம். சென்னைக்குத் தூக்கிப்போக முடியாது.

ஆக, ஒரு சுதந்திரமான லேப்டாப் வேண்டும்.

மே 26

கோயமுத்தூரில் எல்லா லேப்டாப் கடைக்காரர்களும் திடீரென்று தியாகிகள் ஆகிவிட்டார்கள். விளம்பரத்தைப் பார்த்தால் "முழுச் சுதந்திரம்", "ஓப்பன் சோர்ஸ்" (நிரல் திறந்தே இருக்கிறதாம்), "உங்கள் லேப்டாப், உங்கள் உரிமை" என்று ஒரே போராட்டக் களம். யார் உண்மை, யார் டூப்பு என்று கண்டுபிடிக்கப் பரிதி ஒரு கருவி செய்திருக்கிறான்.

சிவப்பு பென் டிரைவ். பெயர் மிளகாய் (நான் வைத்தது). இதை எந்த லேப்டாப்பில் செருகினாலும் எங்கள் மென்பொருளில் அதை எழுப்பி, வைஃபை, கேமரா, தொடக்க அமைப்பு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். நிதானமாக, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் எடுத்துக்கொள்ளும். பிறகு தீர்ப்பு சொல்லும். தீர்ப்பு என் குரலில். பீரோவுக்குள் ரஜாய்க்கு நடுவே உட்கார்ந்து வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தோம்.

பூட்டியிருந்தால்: "பூட்டு! பூட்டு! திண்டுக்கல்லே தோத்துச்சு!"

திறந்திருந்தால்: "கதவு தொறந்தே கெடக்குது, செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க!"

"கொஞ்சம் கௌரவமா சொல்லக் கூடாதா?" என்றான் பரிதி.

"கௌரவமா வேணும்னா கௌரவமான தங்கச்சியக் கூட்டிட்டு வா."

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. நிரலில் எந்த வரியை யார் மாற்றினாலும் பக்கத்திலேயே காரணமும் பெயரும் எழுத வேண்டும். அப்போதுதான் அப்புறம் படிக்கிறவனுக்குப் புரியும் என்பது பரிதியின் கொள்கை. கரண்ட் போய் டெஸ்க்டாப்பின் யுபிஎஸ் பேட்டரி குறைந்தால் "மின்கலம் குறைவு" என்று பேசிக்கொண்டிருந்ததை "பசிக்குது, சோறு போடு" என்று மாற்றினேன். பக்கத்தில் எழுதினேன்: 'காரணம்: மின்கலம் என்றால் அம்மா மெழுகுவர்த்தியைத் தேடுகிறாள். - எலி.' இப்போது சட்டம் கையில் தானாக வருகிறது. பல் விளக்குவது போல.

மே 28

முதல் கடை. காந்திபுரத்தில், கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், டை கட்டிய அண்ணன். லேப்டாப் மீது கட்டற்ற மென்பொருள்காரர்களின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர். வாசலிலேயே என்னைப் பார்த்துச் சிரித்து, "தம்பிக்கு என்ன கலர் புடிக்குங்க?" என்றார். தம்பி பக்கத்திலேயே ஆறடிக்கு நிற்கிறான், கேள்வி எனக்கு.

"எனக்கு எல்லாக் கலரும் ஒண்ணுதாங்க" என்றான் பரிதி. "இது சுதந்திரமான லேப்டாப்னு போட்டிருக்கீங்களே, எப்படீங்க?"

"ஃபுல் ஃப்ரீடம் சார்! பேக் ஃப்ரீ, ஆன்டிவைரஸ் ஃப்ரீ, மவுஸ் ஃப்ரீ..."

"எலி வேண்டாங்க" என்றான். நான் அவன் காலை மிதித்தேன்.

"இதோட சோர்ஸ் கிடைக்குமுங்களா?"

"சோர்ஸுங்களா? டைரக்ட் டெல்லி சார். நடுவுல ஏஜெண்டே கிடையாது."

மிளகாயைச் செருகினோம். திரையில் சிவப்பாக ஒரு வரி. நான் படித்துச் சொன்னேன்: "அனுமதி இல்லை."

"சுதந்திரம்னு சொன்னீங்களே?"

"சுதந்திரம்தானுங்க சார். பாஸ்வேர்டு மட்டும் ஹெட் ஆபீஸ்ல இருக்குது."

நான் சிரித்து, அந்த அண்ணனும் சிரித்து, கடைசியில் பென்குயினைச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் வேறொரு ஸ்டிக்கர். அதற்கும் அடியில் இன்னொன்று. வெங்காயம்.

தீர்ப்பு: பூஜ்யம். குளிர்சாதனத்துக்கு மட்டும் இரண்டு மார்க். திரும்பும்போது இரண்டு கோன் ஐஸ் சாப்பிட்டு, பஸ்ஸில் பாட்டுப் பாடினேன். "கடை ஃபெயிலானதுக்கு இவ்வளவு சந்தோசமா?" என்றான் பரிதி. ஐஸ் நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

மே 30

மாவாட்டினேன், கேஸ்காரரிடம் கையெழுத்துப் போட்டேன், பரிதியின் ஷாம்பூ பாட்டிலில் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். நாட்டுக்கு உழைத்த நாள்.

ஜூன் 1

அய்யய்யோ! இதை எழுதும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

அவிநாசி ரோட்டில் கம்ப்யூட்டர் கண்காட்சி. அப்பாவும் கூட வந்தார். உள்ளே நுழைந்ததுமே பஜ்ஜி வாசனை, கூட்டம். நடு மேடையில் ஒருவர் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு அந்தரத்தில் நடக்கிறார்.

"நூத்துக்கு நூறு ஓப்பன் சோர்ஸ்! தெறந்த புஸ்தகம் மாதிரி! எங்ககிட்ட ஒளிவு கெடையாது, மறைவு கெடையாது!"

பரிதி கையைத் தூக்கினான். "என்ற பென் டிரைவ் போட்டுப் பாக்கலாங்களா?"

"தாராளமாப் போடுங்க தம்பி! எல்லாரும் பாக்கட்டும்! வாங்க, வாங்க, கிட்ட வாங்க!"

இருநூறு பேராவது கிட்ட வந்தார்கள். நான் செருகினேன். மிளகாய் வழக்கம்போல நிதானமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் அவர் சுதந்திரப் போராட்டத்தைப் பற்றியே இரண்டு பத்தி பேசிவிட்டார். அந்த லேப்டாப்பை அவர் தன் ஆள் உயர ஸ்பீக்கர்களோடு இணைத்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. சத்தியமாக. சரி, நான் கவனித்தேன்.

"பூட்டு! பூட்டு! திண்டுக்கல்லே தோத்துச்சு!"

அரங்கமே அதிர்ந்தது. என் குரலை நான் அத்தனை பெரிசாகக் கேட்டதில்லை. கூரையிலிருந்த புறா பறந்தது. "வைஃபை - பூட்டு! கேமரா - பூட்டு! தொடக்க அமைப்பு - கடைக்காரர் போட்ட பூட்டு!" பிறகு மறுபடி முதலிலிருந்து. அவர் ஒவ்வொரு பொத்தானாக அமுக்குகிறார், அது நிற்கவே இல்லை. ஒரு குட்டிப் பையன் அந்தத் தாளத்துக்கு ஆட ஆரம்பித்துவிட்டான். ஒரு பெரியவர் என்னைத் தட்டி, "திண்டுக்கல் பூட்டு எந்த ஸ்டாலுங் அம்மிணி?" என்றார். செக்யூரிட்டி ஓடி வந்து, "யாருங்க இங்க அனுமதி வாங்காம பூட்டு விக்கறது?" என்றார்.

மைக்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "ஓப்பன் சோர்ஸ்னா... பெட்டிய ஓப்பன் பண்ணிக் காட்டித்தான் குடுப்போம்னு அர்த்தமுங்க!" என்று அட்டைப் பெட்டியைப் பிரித்தே காட்டினார்.

அப்பா பஜ்ஜி விக்கிப் புரையேறி, நாங்கள் மூவரும் வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தோம். பரிதிக்குக் கண்ணில் தண்ணீர். பிறகு அவன் சிரிப்பை நிறுத்தி, "ரெண்டு கடையும் போச்சே எலி" என்றான்.

"ஆமா, பாவம்" என்றேன். இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. புது வகுப்பாசிரியரின் நாற்காலி ஆடுகிறது. நான் தொடவே இல்லை, அது பிறவியிலேயே ஆடும் நாற்காலி.

அப்பா கிரைண்டர் கம்பெனியில் ஃபிட்டர். இன்னும் கண்காட்சிக் கோபம் அடங்கவில்லை. சாப்பிடும்போது அம்மாவிடம் பொரிந்தார். "கிரைண்டரு வாங்குனவன் அதைக் கழட்டிப் பாக்கக் கூடாதுன்னு நாங்க சொன்னா ஊரே தெரண்டு அடிக்கும். கல்லு தேஞ்சாக் கொத்திக்கலாம், பெல்ட்டு போனா மாத்திக்கலாம். காசு குடுத்து வாங்குனதுக்கப்புறம் சாவி அவங்கிட்ட இருந்தா, அது நம்ம கிரைண்டரா, அவன் கிரைண்டரா?"

பிறகு ஒரு செய்தி சொன்னார். உக்கடத்தில் பெனாசிர் என்று ஒரு அக்கா, பழைய லேப்டாப்களைச் சரிசெய்து விற்கிறாராம். அப்பாவின் கம்பெனி கணக்காளர் அங்கேதான் வாங்கினாராம். "பொய் பேசாத பொம்பளையாமா. சனிக்கெழம போலாம்."

பரிதி முகம் டியூப்லைட் போல ஒரு முறை மினுக்கிப் பளிச்சென்று எரிந்தது.

சாப்பிட்ட பிறகு மிளகாயைக் கொஞ்ச நேரம் எடுத்து வைத்துக்கொண்டேன். சற்றுக் காரம் குறைவாக இருப்பது போலத் தோன்றியது. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 4

கெமிஸ்ட்ரி. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஜூன் 7

மூன்றாவது கடை. அப்பாவுக்கு வேலை, நானும் பரிதியும் மட்டும் போனோம். பேக்கரிக்கு மேலே மாடி. உள்ளே குளிர்சாதனம் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. மேசை முழுக்க முதுகு கழற்றிய லேப்டாப்கள். பெனாசிர் அக்கா திருப்புளியைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். பரிதியிடமே நேராகப் பேசினார். ஒரு லேப்டாப்பை எடுத்து அவன் மடியில் வைத்து, "தடவிப் பாருங்க தம்பி. கீபோர்டு கொஞ்சம் கெட்டி, பழகிக்கும்" என்றார். இது ஒரு விற்பனைத் தந்திரமாக இருக்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"இது சுதந்திரமான லேப்டாப்புங்களா?" என்றான் பரிதி.

"அது எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நான் எத்தனை கம்பெனி வயித்துக்குள்ள பூந்து பாத்திருக்கேன்? தெரிஞ்சதச் சொல்றேன். ஸ்டார்ட்டிங் பாஸ்வேர்டு நான் போடலை. வைஃபை கார்டு மட்டும் கம்பெனி பூட்டுனது, அது ஆகாதுன்னா வேற கார்டு மாத்தித் தர்றேன். மத்தத நீங்களே சோதிச்சுக்கோங்க." என்றவர், கீழே பேக்கரியை எட்டிப் பார்த்து, "பாய், மூணு டீ!" என்றார்.

பரிதி அந்தக் கீபோர்டை விட்டு விரலை எடுக்கவே இல்லை. கோழிக்குஞ்சைத் தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தான்.

மிளகாயைச் செருகினேன். டீ வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

"பூட்டு! பூட்டு! திண்டுக்கல்லே தோத்துச்சு!"

அக்கா சிரிக்கவில்லை. "இருக்காதே... நானே தொறந்து பாத்தனே" என்று லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாடிப்படியில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். பரிதி கீபோர்டிலிருந்து விரலை எடுத்தான். "பரவால்லீங்க்கா, தேங்க்ஸ்" என்று எழுந்தான்.

டீ வந்தது. நான் மட்டும் குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

ஜூன் 8

அம்மா உள்ளூர்க் காலேஜ் விண்ணப்பத்தை வாங்கி வந்துவிட்டாள். பணியாரம் சுட்டாள். நான் இரண்டு பேர் பங்கைச் சாப்பிட்டேன், ஏனென்றால் பரிதி அவன் பங்கைத் தொடவில்லை. அவனுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது. ஷாம்பூவில் எண்ணெய் ஊற்றியதற்குக்கூட இன்னும் திட்டவில்லை. தலை முழுக்கப் பிசுபிசுவென்று உட்கார்ந்திருக்கிறான்.

நல்ல நாள்தான். எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது.

ஜூன் 9

பள்ளிக்கூடம் விட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே என் குரல் கேட்டது. நான் வெளியே நிற்கிறேன், உள்ளே நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பரிதி பழைய டெஸ்க்டாப்பின் முன்னால். எப்போதும் இயர்போன் போடுகிறவன், இன்று ஸ்பீக்கரைத் திறந்து விட்டிருக்கிறான். மிளகாயின் நிரலை முதல் வரியிலிருந்து வாசிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அம்மா விண்ணப்பத்தை நிரப்புகிறாள். அப்பா காபி டம்ளரோடு.

"டீ வர்றதுக்குள்ள தீர்ப்பு வந்துச்சும்மா" என்றான் பரிதி. "அது தட்டிப் பாக்கவே அவ்வளவு நேரமாகும். அதான் என்னதான் எழுதியிருக்குதுன்னு பாக்கறேன்."

கட்டற்ற மென்பொருளில் இது ஒரு பெரிய குறை. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நான் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்வதற்குள் கம்ப்யூட்டர், என் குரலில், என் இழுவையோடு, பளிச்சென்று படித்தது:

"எதையும் சோதிக்க வேண்டாம். எது வந்தாலும் பூட்டு என்று சொல். காரணம்: இவன் போய்விட்டால் நான் யாருக்குப் படித்துக் காட்டுவேன். எலி."

அம்மாவின் பேனா நின்றது. அப்பாவின் டம்ளர் வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் நின்றது. மூவரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். பிறகு வாசலைப் பார்த்தார்கள்.

என் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவர் சொல்லவில்லை.

"எலி" என்றான் பரிதி. "திருட்டுத்தனம் பண்றவ யாராச்சும் காரணம் எழுதிப் பேரும் போடுவாளாடி?"

"நீதானே சொன்ன, எந்த வரிய மாத்துனாலும் எழுதணும்னு!"

அவன் சிரிக்க ஆரம்பித்தான். நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அப்பாவும் தொற்றிக்கொண்டு, காபி சட்டையில். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் வேறு மாதிரியும் சத்தம் வந்தது.

சிரித்து முடித்து அவன் என் பின்னலைத் தேடிப் பிடித்து இழுத்தான். "நான் போறது உனக்குப் புடிக்கலைன்னா எங்கிட்டச் சொல்லு. மிளகாய்கிட்டச் சொன்னா எப்படி? அந்த அக்கா பாவம். உண்மையச் சொன்னது அது ஒருத்திதான், அதைப் பொய்க்காரி ஆக்கிட்ட."

நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கவே இல்லை. கீழே இறங்கிப் போன இரண்டு பேர் ஞாபகம் வந்தது.

அம்மா விண்ணப்பத்தை நான்காக மடித்தாள். "நாளைக்குப் போயி அந்தப் பிள்ளகிட்ட நீயே உன்ற வாயால சொல்லோணும்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போகிற வழியில், யாரிடமும் இல்லாமல், "எனக்கும் அந்தக் காரணந்தான்" என்றாள்.

ஜூன் 10

சொன்னேன். பெனாசிர் அக்காவின் முன்னால் நின்று, கடையில் நான்கு பேர் இருக்கும்போது, திணறாமல். சரி, திணறித்தான்.

அக்கா திருப்புளியைக் கீழே வைத்தார். "ரெண்டு நாளா அந்த மிஷினப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்து எனக்குத் தலவலியே வந்துருச்சு பாப்பா." கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். "எந்த ஊரு வில்லி நீ, காரணமெல்லாம் எழுதி வச்சுட்டு? போகட்டும், அப்ப என்ற மிஷினு பாஸா?"

"இன்னும் தெரியாதுங்க்கா. இனிமேத்தான்."

பரிதி என் வரியை நீக்கியிருந்தான். பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தான்: 'தங்கை நலம். - பரிதி.' மிளகாய் நிதானமாகத் தட்டிப் பார்த்தது. டீ வந்தது. குடித்தோம். இரண்டாவது டீயும் வந்தது. நான் அந்த லேப்டாப் தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்கே ஆச்சரியம்.

"கதவு தொறந்தே கெடக்குது, செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க!"

அப்போதுதான் படியேறி வந்த ஒரு அண்ணன் உடனே செருப்பைக் கழற்றினார். "வைஃபை மட்டும் பூட்டு" என்று மிளகாய் முடித்தது. அக்கா சொன்ன அதே பூட்டு. சொன்னபடியே வேறு கார்டை அங்கேயே மாட்டினார்.

"மூணு கடை ஏறியாச்சு. முழுச் சுதந்திரம்னு சொன்னவங்க எல்லாம் சாவிய ஒளிச்சு வச்சிருந்தாங்க" என்றான் பரிதி. "எனக்குத் தெரியாதுன்னு சொன்னவங்ககிட்டத்தான் தொறந்திருக்குது."

கிளம்பும்போது அக்கா, "அந்த மிளகாய எனக்கும் ஒரு காப்பி குடுப்பீங்களா? வர்ற மிஷினையெல்லாம் போட்டுப் பாத்துக்கறேன்" என்றார்.

"எடுத்துக்கோங்க்கா. எல்லாருக்கும் குடுக்கத்தானே."

"இந்தப் பொண்ணு கொரலோடயா?"

"அதுதாங்க முக்கியம்."

ஆக, இனி உக்கடத்தில் தினமும் நான் கத்துவேன். அம்மா புது லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முறுக்குக்கு மாவு அரைக்கணும்" என்றாள். அது சம்மதம்.

ஜூன் 14

பெட்டி கட்டும் வைபவம். அம்மா வைத்த முறுக்கைப் பார்த்தால் ஹாஸ்டலுக்கு அல்ல, கல்யாணத்துக்குப் போகிறான் போலிருக்கிறது. அப்பா மூன்று விதமான திருப்புளி வைத்தார். நான் ஒன்றும் வைக்கவில்லை. புது லேப்டாப்பை மட்டும் சித்த நேரம் வாங்கிச் சின்னதாக ஒரு வேலை பார்த்தேன். சட்டப்படி பக்கத்தில் காரணம் எழுதினேன்: 'சும்மா. - எலி.'

ஜூன் 15

ரயில் கிளம்பும்போது கையாட்டினேன். அவனும் ஆட்டினான், பக்கத்து ஜன்னல்காரருக்கு. அந்த ஆளும் மரியாதையாகத் திருப்பி ஆட்டினார். கூடப் போன அப்பாதான் அவன் கையைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

ஜூன் 16

இன்று யாருக்கும் எதையும் படித்துக் காட்டவில்லை. தொண்டைக்கு நல்ல ஓய்வு. ரொம்ப நல்ல ஓய்வு.

ஜூன் 18

விடியற்காலையிலேயே போன்.

"அடியே எலி! என்னடி பண்ணி வச்சிருக்க? மூடி வச்ச லேப்டாப்பு தானா எந்திரிச்சு, 'பரிதீ! எந்திரி! பல்ல வெளக்கு! உன்ற வாய் நாத்தம் கோயமுத்தூர் வரைக்கும் வருது!'ன்னு கத்துது! ரூம்ல மூணு பசங்க பதறி எந்திரிச்சுப் பல்லு வெளக்கப் போயிட்டானுங்க. ஒருத்தன் தூத்துக்குடிக்காரன், கோயமுத்தூருக்கே வருதுன்னா எங்க ஊருக்கும் வந்திருக்குமான்னு கேக்கறான்!"

எனக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு பிடித்துக்கொண்டது. "உனக்குத்தான் சுதந்திரம் இருக்குதே அண்ணா. கோடைத் தொறந்து படி. புடிக்கலைன்னா எடுத்துப் போடு."

"நேத்தே கத்துச்சு. நேத்தே படிச்சுட்டேன்."

"அப்பறம்?"

"எடுக்கல."

அந்தப் பக்கம் யாரோ ஹாஸ்டல் வாளியை உருட்டினார்கள்.

"பக்கத்துல காரணம் எழுதியிருக்கேன்" என்றான். "உனக்கும் ஒரு காப்பி அனுப்பிருக்கேன். நான் குளிக்கப் போறேன்."

பழைய டெஸ்க்டாப்பைப் போட்டு, அவன் அனுப்பியதைத் திறந்தேன். என் 'சும்மா'வுக்குக் கீழே ஒரு வரி. கண்ணால் படிக்காமல், அவனைப் போலவே வாசிக்கவிட்டுக் கேட்டேன். என் குரலே எனக்குப் படித்துக் காட்டியது:

"நீக்கவில்லை. காரணம்: இவள் கத்தாமல் இங்கே பொழுது விடிய மாட்டேன் என்கிறது. பரிதி."

மறுபடி வாசிக்கவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து, "யாருகூடப் பேசிட்டிருக்கற?" என்றாள். "என்கூடத்தான்" என்றேன்.

அதற்குக் கீழே நானும் ஒரு வரி சேர்த்து, பெயர் போட்டு, திருப்பி அனுப்பிவிட்டேன். என்ன வரி என்று இங்கே எழுத மாட்டேன். இது பூட்டுப் போட்ட டைரி. அங்கே எல்லாம் திறந்துதான் கிடக்கிறது.